சேலத்து வீட்டுக்குள் சின்னப் பெரணி: ஏற்காட்டுச் செடி ஏன் ஒரே வாரத்தில் கருகுகிறது?

(கேள்வி பதில் உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் பெயருக்குப் பதில் அவருடைய பகுதியின் பெயர்.)

அஸ்தம்பட்டி | மே 19, இரவு 8.10

கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் வாங்கிய மெய்டன்ஹேர் ஃபெர்ன் என்கிற பெரணி, நாலு அங்குலத் தொட்டி. வடக்கு ஜன்னலோரம் வைத்திருக்கிறது, நல்ல வெளிச்சம், நேர் வெயில் படாது. தினமும் போர் தண்ணீர், காலையும் மாலையும் ஸ்பிரே. இலை ஓரமெல்லாம் பழுப்பு. புதுத் தளிர் விரியாமலே சுருண்டு கருகுகிறது. சேலத்துச் சூட்டுக்கு வீட்டுக்குள் பெரணி நிற்காது, அது மலையோடு சரி என்கிறார்கள். அப்படித்தானா?

சூரமங்கலம் | மே 19, இரவு 9.35

அப்படி இல்லை. சூடு மூன்றாவது காரணம்தான். முதல் காரணம் காற்றின் வறட்சி, இரண்டாவது போர் தண்ணீரில் உள்ள உப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மலையில் 22 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்தால், காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை சுமார் 0.66 கிலோபாஸ்கல் (அழுத்த அலகு). சேலத்தில் மே மாத மதியம் வீட்டுக்குள் 35 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அதே விசை 3.9. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. மெய்டன்ஹேர் இலை மிக மெல்லியது. வேர் எவ்வளவு வேகமாக உறிஞ்சினாலும் இலை கேட்பதைக் கொடுக்க முடியாது. தொட்டியில் ஈரம் இருக்கும்போதே இலை காய்வது இதனால்தான்.

இன்னொரு கணக்கு. அதே செடியை மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே 34 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் இருந்தால் விசை 0.53. மலையை விடக் குறைவு. சூடு அப்படியே இருக்கிறது, செடி பிழைக்கிறது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: கருகிய காம்புகளை எல்லாம் மண்ணிலிருந்து 2 செ.மீ. விட்டு வெட்டுங்கள். பாதி பச்சை இருந்தாலும் வெட்டலாம், ஒருமுறை காய்ந்த இலைப்பகுதி திரும்பப் பச்சையாகாது. தொட்டியை மழைத்தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ 15 நிமிடம் முக்கி வையுங்கள், குமிழி வருவது நிற்கும் வரை. எடுத்து வடியவிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் தொட்டியோடு போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். மண்ணுக்குள் படுத்தபடி இருக்கும் கிழங்குத்தண்டு உயிரோடு இருந்தால் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் சுருள் தளிர் வரும்.

கொண்டலாம்பட்டி | மே 19, இரவு 10.02

கிழங்குத்தண்டு உயிரோடு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்ணா?

சூரமங்கலம் | மே 19, இரவு 10.20

மேல்மண்ணைக் கொஞ்சம் விலக்கி நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்து, சுரண்டினால் உள்ளே வெளிர் நிறம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பொசபொசவென்று அமுங்கினாலோ, உடைத்தால் உள்ளே முழுக்கக் கறுப்பாக இருந்தாலோ போய்விட்டது.

நாகலூர், ஏற்காடு | மே 20, காலை 6.45

நாற்றங்கால் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன் சார்.

ஒன்று, மே மாதம் மெய்டன்ஹேரைக் கீழே இறக்குவதற்கு வருடத்திலேயே மோசமான மாதம். கோடை விழாக் கூட்டத்தில்தான் செடி அதிகம் விற்கும், அதுவும் உண்மை. ஆனால் அந்தச் செடி அதுவரை 75 சதவீத நிழல் வலைக்கு அடியில், நாளுக்கு மூன்று தடவை புகைபோல நுண்துளியாக அடிக்கும் தண்ணீர் வாங்கி வளர்ந்தது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் சுமார் 1,200 மீட்டர் கீழே போகிறது. கார் ஏசி துவாரத்துக்கு நேராகவோ, பைக்கில் காற்று படும்படியோ வந்தால் அஸ்தம்பட்டி வருவதற்குள்ளேயே பாதிச் சேதம் ஆகிவிடும். அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஈரமான செய்தித்தாளைச் சுற்றிலும் திணித்து, மேலே மூடிக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பை போட்டு மூடி, ஐந்து நாள் அப்படியே விட்டு, பிறகு தினம் ஒரு துளை, அப்புறம் வாய் திறப்பு, அப்புறம் பையை எடுப்பது என்று பத்துப் பதினைந்து நாளில் பழக்க வேண்டும். ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை வாங்கினால் இந்தக் கஷ்டத்தில் பாதி குறையும்.

இரண்டு, மலைத் தொட்டிகளில் பெரும்பாலும் இலை மட்கு உரமும் தேங்காய் நார்த்தூளும்தான் இருக்கும். அது ஒருமுறை முழுக்க உலர்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றியது தொட்டி ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடும், நடுப்பகுதி வறண்டே கிடக்கும். தினமும் ஊற்றுகிறோம் என்று நினைப்போம், வேருக்குப் போயிருக்காது. அதனால் முக்கி எடுப்பது என்று மேலே அவர் சொன்னது மிகச் சரி.

கொண்டலாம்பட்டி | மே 20, மதியம் 1.15

அப்ப ஸ்பிரே அடிக்கறது வீணா?

சூரமங்கலம் | மே 20, இரவு 8.50

ஈரப்பதத்துக்கு வீண். அடித்த சில நிமிடத்தில் காய்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். போர் தண்ணீரை அடித்தால் வீண் மட்டும் இல்லை, கெடுதல். நீர் ஆவியாகும், உப்பு இலை நுனியிலேயே தங்கும். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான்.

கூழாங்கல் தட்டில் தண்ணீர் விட்டு மேலே தொட்டி வைப்பதும் திறந்த அறையில் மிகக் கொஞ்சம்தான் உதவும். அதைச் செய்கிறவர்கள் வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசு இந்தத் தட்டில்தான் முட்டையிடும், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

செவ்வாய்ப்பேட்டை | மே 21, காலை 7.30

தண்ணீர் விஷயத்தில் ஒரு மறுப்பு. உப்புத் தண்ணீர் மெய்டன்ஹேரைக் கொல்லும் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டக் கூடாது. அடியாண்டம் கேப்பில்லஸ்-வெனெரிஸ் என்ற மெய்டன்ஹேர் வகை சுண்ணாம்புப் பாறைக் கசிவிலும், பழைய கிணற்றுச் சுவரின் சாந்து இடுக்கிலும்தான் செழிக்கும். டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி செங்கல் சுவர் இடுக்கில் தானாக முளைப்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம், அதுவும் சுண்ணாம்புப் பிரியன். ஆகவே கால்சியம் எதிரி இல்லை. சோடியமும் குளோரைடும்தான் வேரைச் சுடுகிறது. பைகார்பனேட் மண்ணின் காரத்தன்மையை மெல்ல ஏற்றி இரும்புச் சத்தைப் பூட்டிவிடுகிறது. புதுத் தளிர் வெளிறி மஞ்சளாக வருகிறது என்றால் பைகார்பனேட். பழைய இலையின் ஓரம் கருகுகிறது என்றால் உப்பு அல்லது வறட்சி.

கடையில் மெய்டன்ஹேர் என்று கிடைப்பது பெரும்பாலும் தென் அமெரிக்க வகையான அடியாண்டம் ராடியானம். அதற்கு லேசான அமிலத்தன்மைதான் பிடிக்கும். சுண்ணாம்பை அந்த அளவுக்குத் தாங்காது.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். 200க்குக் கீழே என்றால் கவலையே இல்லை. 300 முதல் 500 என்றால் மாதம் ஒருமுறை தொட்டியை அலச வேண்டும்: தொட்டிக் கொள்ளளவைப் போல் மூன்று நாலு மடங்கு நல்ல தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, அடியில் முழுக்க வடிய விடுவது. 700க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரைப் பெரணிக்கு ஊற்றவே வேண்டாம்.

அஸ்தம்பட்டி | மே 21, இரவு 9.05

மீட்டர் கடன் வாங்கிப் பார்த்தேன். போர் தண்ணீர் 1,100க்கு மேல் காட்டுகிறது. குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர் அதில் கால்வாசி. ஆர்ஓ கழிவுக் குழாயில் வருவது நிறைய வீணாகிறதே, அதை ஊற்றலாமா? மாடியில் சாஃப்ட்னர் தண்ணீரும் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை | மே 21, இரவு 9.40

இரண்டும் கூடாது. ஆர்ஓ கழிவில் உள்ளே போன தண்ணீரை விட உப்பு அதிகம். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நுரைக்கும், பெரணி சாகும்.

மேட்டூர்த் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு இரவு வைத்தால் குளோரின் போய்விடும், தாராளமாக ஊற்றலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஏறக்குறைய உப்பில்லாதது, அதுவும் நல்லது. மழைக்கு ஈடில்லை, முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். கொதிக்க வைத்து ஆற்றினால் பைகார்பனேட்டில் ஒரு பகுதி அடியில் வெள்ளையாகப் படியும், ஆனால் சோடியமும் குளோரைடும் அப்படியே இருக்கும்.

வெளிர் மஞ்சள் பிரச்சினைக்கு: சிட்ரிக் அமிலம் 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 10 முதல் 15 மில்லி. இது சுமார் நூறு பிபிஎம் (லிட்டருக்கு நூறு மில்லிகிராம்) காரத்தன்மையைத்தான் சமன் செய்யும். பிஎச் தாளில் 6 முதல் 6.5 வரும் வரை மட்டும் கூட்டுங்கள், கண்மூடி ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. இலை மஞ்சளானால் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) போடு என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். சேலம் மேக்னசைட் என்கிற மக்னீசியத் தாது நிறைந்த பூமி. மேக்னசைட் பாறையை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீரிலேயே மக்னீசியம் தேவைக்கு மேல் இருக்கும். அங்கே எப்சம் உப்பு போடுவது எரிகிற தீயில் எண்ணெய்.

கொண்டலாம்பட்டி | மே 23, காலை 11.20

மண் கலவை யாரும் சொல்லலையே. செம்மண்ணும் மாட்டெருவும் போதுமா? பக்கத்து சேகோ ஆலையில் திப்பி (மரவள்ளிச் சக்கை) சும்மாவே கிடைக்குது, அதைக் கலந்தா ஈரம் நிக்குமான்னு ஒருத்தர் கேட்கறார்.

சூரமங்கலம் | மே 23, இரவு 9.15

செம்மண் சின்னத் தொட்டிக்கு வேண்டாம். தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகும், பெரணி வேர் மயிர்போல மெல்லியது, காற்றில்லாமல் அழுகும். திப்பியில் மீந்திருப்பது மாவுச்சத்து. ஈரத்தில் புளித்துச் சூடேறும், பூஞ்சை ஏறும், தொட்டிக்கொசு மொய்க்கும். நன்றாக மட்கவைத்த பிறகு தோட்டத்துக்கு ஆகும், வீட்டுக்குள் தொட்டிக்கு ஆகாது.

கலவை, கன அளவில்: அலசிய நார்த்தூள் 2 பங்கு, சலித்த இலை மட்கு 1 பங்கு, பெர்லைட் (பொரிந்த எரிமலைக் கல்) அல்லது அரை செ.மீ. செங்கல் துண்டு 1 பங்கு, ஒரு கைப்பிடி மரக்கரித் துண்டு. மண்புழு உரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

நார்த்தூளை அலசுவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். 650 கிராம் கட்டி ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் வரும். ஊறவைத்துப் பிழி, மறுபடி ஊறவைத்துப் பிழி, மூன்று தடவை. பிழிந்த தண்ணீரின் டிடிஎஸ், ஊற்றிய தண்ணீரை விட நூறு நூற்றைம்பதுக்கு மேல் கூடுதலாக இருந்தால் இன்னொரு தடவை. பிறகு கால்சியம் நைட்ரேட் 15 கிராமை அந்தக் கட்டி மூழ்கும் அளவு தண்ணீரில் கரைத்து ஒரு இரவு ஊறவிட்டு, கடைசியாக ஒருமுறை அலசுங்கள். நாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அப்போதுதான் விலகும். வெறும் தண்ணீருக்கு அது முழுக்க வராது.

நாகலூர், ஏற்காடு | மே 24, காலை 6.30

இலை மட்கு பற்றி ஒரு வார்த்தை. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் இலை மட்க ரொம்ப நாள் பிடிக்கும். பாதி மட்கியதை மூட்டையில் கொடுப்பார்கள், இலை வடிவம் தெரிந்தால் வாங்காதீர்கள். விரலில் தேய்த்தால் பொடியாகி, மழை பெய்த காட்டு வாசம் வரவேண்டும்.

காப்புக்காட்டுக்குள் போய் மட்கோ பெரணியோ அள்ளுவது சட்டப்படி குற்றம். சாலையோரத்தில் அழகாக இருக்கிறதே என்று பிடுங்குகிறவர்களையும் பார்க்கிறோம். வேர் பாறையோடு பின்னி இருக்கும், பிடுங்கினதில் பத்துக்கு ஒன்று தேறினால் அதிகம். நாற்றங்காலில் பிறந்த செடியை வாங்குங்கள்.

சூரமங்கலம் | மே 26, இரவு 10.10

கண்ணாடிக்கு வருகிறேன். 1829 வாக்கில் லண்டனில் நத்தேனியல் வார்டு என்ற மருத்துவர் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய பாட்டிலில் வைத்திருந்தார். அந்த மண்ணிலிருந்து பெரணி முளைத்தது. ஊரெங்கும் நிலக்கரிப் புகையில் அவருடைய தோட்டத்துப் பெரணிகள் செத்துக்கொண்டிருந்த காலம். அந்த பாட்டிலிலிருந்துதான் வார்டியன் பெட்டி வந்தது, 1833இல் அதில் வைத்துக் கப்பலேற்றிய செடிகள் சிட்னி வரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. காற்று விரோதமாக இருக்கும் ஊரில் பெரணிக்கு மூடிய கண்ணாடி புதிய யோசனை இல்லை.

நம் வீட்டில் பழைய மிட்டாய் பாட்டில் போதும், கை உள்ளே போகிற வாய் வேண்டும். ஐந்து லிட்டர் பாட்டிலுக்கு: அடியில் கழுவிய சிறு ஜல்லி 2 செ.மீ., அதன்மேல் கரித்துண்டு 1 செ.மீ., மேலே கலவை 5 முதல் 6 செ.மீ. ஜல்லி வடிகால் இல்லை, துளையில்லாத பாட்டிலில் தண்ணீர் எங்கே போகும்? அதிகப்பட்ட தண்ணீர் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கத்தான் அது. நட்டவுடன் மொத்தம் 100 முதல் 150 மில்லி. ஜல்லியில் அரை செ.மீ.க்கு மேல் தண்ணீர் தெரிந்தால் சிரிஞ்சும் குழாயும் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

மூடிய பிறகு கண்ணாடியைப் படிக்கப் பழக வேண்டும். காலையில் மேல் மூன்றில் ஒரு பங்கு பனித்திருந்து பதினோரு மணிக்குள் தெளிந்தால் சரி. நாள் முழுக்க மூட்டமாக இருந்தால் மூடியை ஒரு இரவு திறந்து வையுங்கள். பனிப்பே இல்லை என்றால் 20 மில்லி.

நேர் வெயில் அரைமணி பட்டாலும் உள்ளே வெந்துவிடும். இது மட்டும் மன்னிப்பே இல்லாத தவறு. ஜன்னல் வெளிச்சம் போதாத வீட்டில் 20 வாட் எல்இடி குழல் விளக்கை மூடிக்கு 30 செ.மீ. மேலே கட்டி 12 மணி நேரம் எரியவிடலாம்.

அம்மாபேட்டை | மே 28, மாலை 5.50

கண்ணாடி வேண்டாம், தொட்டியிலேயே வளர்க்க வேண்டும் என்பவர்களுக்கு இரட்டைத் தொட்டி. உள்ளே நாலு அங்குல பிளாஸ்டிக், வெளியே ஏழு அங்குல மண் தொட்டி, நடுவில் ஆற்றுமணல். மணலை மட்டும் தினம் நனைக்க வேண்டும். மண் தொட்டியின் சுவர் வழியே தண்ணீர் ஆவியாகும்போது வேர்ப்பகுதி அறையை விடச் சில டிகிரி குளிர்ந்து நிற்கும். சேலத்தில் காற்று வறண்டிருப்பதால் இது நன்றாக வேலை செய்யும். ஏற்காட்டில் செய்தால் பயனில்லை, பாசிதான் மிஞ்சும்.

ஏர் கூலர் இருக்கிற அறை பெரணிக்கு நல்லது, ஏனென்றால் அது ஈரக்காற்று. ஆனால் கூலர் வாய்க்கு நேராக வைக்கக் கூடாது, ஓரமாக இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஏசி அறை நேர்மாறு. குளிரும்போதே காற்றிலிருந்து தண்ணீரை எடுத்து வெளியே சொட்டவிடும்.

சூரமங்கலம் | மே 28, இரவு 9.00

மணலுக்கு மேட்டூர்த் தண்ணீர் இல்லாதவர்கள் போர் தண்ணீர் விடலாம். உள்தொட்டியின் அடித்துளை மணலில் படக்கூடாது, ஒரு ஓட்டுத்துண்டை அடியில் கொடுங்கள். இல்லையென்றால் உப்பு உள்ளே ஏறும்.

அஸ்தம்பட்டி | ஜூன் 16, இரவு 8.30

மெய்டன்ஹேரில் நாலு சுருள் வந்திருக்கிறது, பை இன்னும் போட்டபடிதான். உரம் எப்போது? இன்னும் இரண்டு மூன்று வகை சேர்க்கலாம் என்று ஆசை. சின்னதாகவே நிற்கிற வகை வேண்டும்.

சூரமங்கலம் | ஜூன் 16, இரவு 10.00

குறைந்தது ஆறு இலை முழுக்க விரிந்த பிறகு உரம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19, லிட்டருக்குக் கால் கிராம், மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை. கால் கிராமை ஸ்பூனில் அளக்க முடியாது: 5 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 50 மில்லியை இன்னொரு லிட்டரில் விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் உரமே வேண்டாம். கண்ணாடிக்குள் இருப்பதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும், வளர்ந்தால் எங்கே வைப்பது?

வகைகளை நாகலூர்க்காரர் சொல்லட்டும்.

நாகலூர், ஏற்காடு | ஜூன் 17, காலை 6.50

சேலத்துக்கு என்று கேட்டால் என் வரிசை இது.

திறந்த தொட்டிக்கு முதலில் பாஸ்டன் குடும்பத்தின் குட்டை வகைகள், நெஃப்ரோலெபிஸ். வேர் இறங்கிவிட்டால் கொஞ்சம் வறட்சியை மன்னிக்கும். சாதாரண பாஸ்டன் ஒரு மீட்டர் பரவும், அதைச் சின்னது என்று வாங்கி ஏமாறாதீர்கள். அடுத்து முயல்கால் பெரணி, டவாலியா. ரோமம் போர்த்திய தண்டு மண்ணுக்கு மேலே ஊர்ந்து தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும். அந்தத் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். 6 செ.மீ. துண்டு வெட்டி, கொண்டை ஊசியால் மண்மேல் குத்தி வைத்தால் புதுச்செடி. பறவைக்கூடு பெரணி வருடக்கணக்கில் மெதுவாக வளர்வதால் சின்னத் தொட்டியில் நீண்டநாள் இருக்கும், அதன் இலை தடிமன். நடுக்குழியில் தண்ணீர் தேங்காமல் ஓரமாக ஊற்றவேண்டும்.

கண்ணாடிக்கு: டெரிஸ் என்சிஃபார்மிஸ் விக்டோரியா, வெள்ளிக்கோடு போட்ட இலை, ஒரு சாண் உயரம். இதய வடிவ இலை கொண்ட ஹெமியோனிட்டிஸ் அரிஃபோலியா, இது நம் தென்னிந்தியக் காட்டுக்கே சொந்தம், ஆனால் நாற்றங்கால் கன்றாகவே வாங்குங்கள். அப்புறம் மெய்டன்ஹேர்.

கொண்டலாம்பட்டி | ஜூன் 17, மதியம் 2.10

எங்க வீட்ல அஸ்பாரகஸ் ஃபெர்ன் வெயில்லயே நிக்குது, ஒண்ணும் ஆகலை. அதை விட்டுட்டீங்களே?

செவ்வாய்ப்பேட்டை | ஜூன் 17, இரவு 8.15

அது பெரணியே இல்லை தம்பி. தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. பூப்பூக்கும், காய் பழுக்கும், முள் இருக்கும், வேரில் கிழங்கு வைத்துத் தண்ணீரைச் சேமிக்கும். அதனால்தான் வெயிலில் நிற்கிறது. அதற்கான பராமரிப்பைப் பெரணிக்குச் செய்தால் பெரணி போய்விடும். குழந்தைகளும் நாய் பூனையும் இருக்கிற வீட்டில் அதன் சிவப்புப் பழத்தைக் கிள்ளிவிடுங்கள், தின்றால் வயிற்றைக் கெடுக்கும். பாஸ்டனும் மெய்டன்ஹேரும் பூனை கடித்தாலும் விஷமில்லை.

சுவரில் முளைக்கும் டெரிஸ் விட்டேட்டாவைத் தொட்டிக்கு மாற்றலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மாற்றலாம், சேலத்துத் தண்ணீரை அதுவே நன்றாகத் தாங்கும். ஆனால் அது மண்ணிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்க்கும் செடி. 2001இல் ஃபுளோரிடா ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அழகுக்கு வளர்க்கலாம், கஷாயத்துக்கோ மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகக்கூடாது.

அஸ்தம்பட்டி | ஜூலை 22, காலை 9.40

புதிதாக வாங்கிய பாஸ்டன் இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி. செதில் பூச்சியா? வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா?

சூரமங்கலம் | ஜூலை 22, காலை 10.05

வேப்பெண்ணெயைக் கீழே வையுங்கள். வரிசையாக, எல்லாச் சிற்றிலையிலும் ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில் இருந்தால் அது வித்துப்பொதி, பெரணியின் நுண்வித்துகள் இருக்கும் இடம்; செடியின் ஆரோக்கியம். செதில் பூச்சி ஒழுங்கில்லாமல், காம்பிலும் நடுநரம்பிலும் ஒட்டியிருக்கும். நகத்தால் நிமிண்டினால் சிப்பிபோல முழுசாகப் பெயரும், பக்கத்து இலை பிசுபிசுக்கும், எறும்பு வரும். மெய்டன்ஹேரில் வித்துப்பொதி இலை விளிம்பு மடிப்புக்குள் இருக்கும், அதையும் நோய் என்று நிறையப் பேர் வெட்டுகிறார்கள்.

உண்மையான செதில் பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் மெல்லிய இலைப் பெரணியில் எண்ணெயோ சோப்போ அடித்தால் பூச்சியை விட முன்னால் இலை கருகும். தாக்கிய இலையை அடியோடு வெட்டி எறிந்து, மிச்சத்தை ஈரப்பஞ்சால் துடைப்பதே வழி. பறவைக்கூடு மாதிரித் தடித்த இலைக்கு மட்டும் நீர்த்த வேப்பெண்ணெய், அதுவும் ஒரு இலையில் அடித்து நாலு நாள் பார்த்த பிறகு.

நாகலூர், ஏற்காடு | ஆகஸ்ட் 9, காலை 7.00

மேலே எழுதியதெல்லாம் கீழ்நாட்டுக்கு. ஏற்காட்டிலேயே வீட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் தலைகீழ். இப்போது தொடங்கி டிசம்பர் வரை மூடுபனியும் சாரலும். தண்ணீர் வாரம் ஒருமுறையே அதிகம். மண் தொட்டி, ஒற்றைத் தொட்டி, கலவையில் செங்கல் துண்டு இரண்டு பங்கு. கண்ணாடி பாட்டில் வேண்டாம், சாம்பல் பூஞ்சை வரும். இரவில் நத்தையும் ஓடில்லா நத்தையும் சுருள் தளிரை மட்டும் தேடித் தின்னும். காலையில் தளிர் மொட்டையாக இருந்தால் அதன் வேலை. டார்ச் அடித்துப் பொறுக்குவதே நிச்சயமான வழி, உப்புத் தூவினால் தொட்டியும் போய்விடும்.

அம்மாபேட்டை | ஆகஸ்ட் 30, மாலை 6.20

கொஞ்சம் விலகிப் போகிறேன். சூப்புக்கு விற்கிற முடவாட்டுக்காலும் பெரணிதானே? அதை வாங்கி வளர்க்க முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை | ஆகஸ்ட் 30, இரவு 9.10

பெரணிதான், டிரைனேரியா குவெர்சிஃபோலியா. முடியும், ஆனால் துண்டின் நுனி முளை உயிரோடு இருக்க வேண்டும். வெட்டி இரண்டு முனையும் மொட்டையாகக் காய்ந்த துண்டு வராது. நுனியில் புதுப் பழுப்பு ரோமம் நெருக்கமாக இருக்கிற துண்டாகப் பார்த்து, தேங்காய் நாரோடு ஒரு மரக்கட்டையில் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். மண்ணில் புதைக்காதீர்கள், அது மரத்திலும் பாறையிலும் ஒட்டி வாழ்வது. இரண்டு விதமாக இலை விடும். ஓக் இலை வடிவில் சின்னது கூடுபோலப் பழுப்பாகிக் குப்பையைச் சேர்க்கும், அதைக் காய்ந்தது என்று கிள்ளக்கூடாது, அதன் உரம் அங்கேதான். பெரிய பச்சை இலை கோடையில் உதிர்ந்துவிடும், செத்துவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். சின்னப் பெரணி என்ற தலைப்புக்கு அது பொருந்தாது, முக்கால் மீட்டர் இலை வரும்.

கொண்டலாம்பட்டி | செப்டம்பர் 14, இரவு 8.00

அந்த வித்துப்பொதியை விதைச்சு முளைக்க வைக்கலாமாண்ணா? எத்தனை நாளாகும்?

சூரமங்கலம் | செப்டம்பர் 14, இரவு 10.30

பாஸ்டனில் முயல வேண்டாம், அதன் வித்து பெரும்பாலும் மலடு. அதை ஓடுதண்டு பிரித்துத்தான் பெருக்க வேண்டும். மெய்டன்ஹேரும் டெரிஸும் நன்றாக வரும்.

வித்துப்பொதி பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும் சமயம் இலையை வெட்டி, வெள்ளைத்தாளில் மடித்து இரண்டு நாள் வையுங்கள். பிரித்தால் பழுப்புத் தூள் இருக்கும். தாளைச் சாய்த்து மெதுவாகத் தட்டினால் சருகுப்பொட்டு உருண்டு விழும், ஒட்டிக்கொண்டு நிற்கும் நுண்தூள்தான் வித்து.

மூடியோடு கூடிய தெளிந்த பிரியாணி டப்பாவில் 3 செ.மீ. உயரம் நார்த்தூளும் செங்கல்பொடியும் சமமாகப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி ஆறவிட வேண்டும். ஆறியதும் அதிகத் தண்ணீரை வடித்து, வித்தை மேலே மெல்லத் தூவி உடனே மூடுங்கள். மண் போட்டு மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மூன்று நாலு வாரத்தில் பச்சைப் படலம். இரண்டு மூன்று மாதத்தில் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்ன இதய வடிவத் தகடுகள். ஆண் அணு நீந்திப் போய்த்தான் கருவுற வேண்டும், அதனால் அந்தக் கட்டத்தில் கொதித்து ஆறிய தண்ணீரால் வாரம் ஒருமுறை தகடுகள் நனையும்படி ஸ்பிரே. ஸ்பிரே தேவைப்படும் ஒரே இடம் இதுதான். அதன்பிறகு தகட்டின் அடியிலிருந்து முதல் குட்டி இலை வரும். மொத்தம் ஐந்தாறு மாதம்.

கொண்டலாம்பட்டி | அக்டோபர் 20, இரவு 7.45

பச்சைப் படலம் வந்துருச்சு. ஒரு மூலைல மட்டும் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை. டப்பாவைத் திறந்து காய விடட்டுமா?

சூரமங்கலம் | அக்டோபர் 20, இரவு 8.30

காய விடாதீர்கள், படலமும் காய்ந்துவிடும். சுத்தமான ஸ்பூனால் பூஞ்சையைச் சுற்றி ஒரு செ.மீ. கூடுதலாக வைத்து மண்ணோடு தோண்டி எடுத்துவிட்டு மூடுங்கள். பரவினால், நல்லதாக இருக்கும் பகுதியில் பட்டாணி அளவு மூன்று நாலு திட்டுகளைக் கிள்ளி, புதிதாகக் கொதிநீர் ஊற்றித் தயார் செய்த இன்னொரு டப்பாவுக்கு இரண்டு செ.மீ. இடைவெளியில் மாற்றிவிடுங்கள். குட்டி இலை 3 செ.மீ. உயரம் வரும் வரை தொட்டிக்கு மாற்ற வேண்டாம்.